பைலட் ரெடி, விமானம் ரெடி... ஆனாலும் கிளம்ப முடியாது, தெரியுமா?

மதுரை விமான நிலையம். பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டீர்கள். எந்த வழியில் போவது, எவ்வளவு உயரத்தில் பறப்பது, எத்தனை கிலோ எரிபொருள் ஏற்றுவது என்று கணக்குப் போட்டவர் அந்த விமானத்தில் இல்லை, தெரியுமா? மதுரையிலேயே இல்லை! நீங்கள் ஏறியது இண்டிகோ என்றால், அதன் செயல்பாட்டுக் கட்டுப்பாட்டு அறை இருப்பது டெல்லிக்குப் பக்கத்தில், குருகிராமில். அங்கே திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு ஃப்ளைட் டிஸ்பாட்சர் என்று பெயர்.

அமெரிக்கச் சட்டம் இவரையும் கேப்டனையும் ஒரே தட்டில் வைக்கிறது, தெரியுமா? பயணத்தைத் திட்டமிடுவதும், தாமதிப்பதும், புறப்பட அனுமதிப்பதும் இருவரின் கூட்டுப் பொறுப்பு. ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1935 மே மாதம், மோசமான வானிலையில் எரிபொருள் தீரும் நிலையில் தரையிறங்க இடம் தேடிய டி.டபிள்யூ.ஏ. நிறுவன விமானம் மிசௌரி மாநிலத்தில் விழுந்தது. இறந்தவர்களில் பிரான்சன் கட்டிங் என்ற செனட்டரும் ஒருவர். மூன்றே ஆண்டுகளில், 1938இல், புதிய விமானச் சட்டம் வந்துவிட்டது. (செனட்டர் போகாமல் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.)

சரி, எரிபொருள் கணக்கு எப்படி? ஊர் போய்ச் சேரத் தேவையானது மட்டும் போதாது! ஓடுபாதை வரை உருண்டு போக ஒரு பங்கு, பயணத்துக்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு அதில் 5 சதவீதம், போய்ச் சேரும் ஊரில் இறங்க முடியாமல் போனால் மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு. மதுரைக்கு வரும் விமானம் என்றால், மதுரை மூடினால் திருச்சியா, திருவனந்தபுரமா என்று கிளம்பும் முன்பே எழுதியாக வேண்டும். இதெல்லாம் போக, ஜெட் விமானம் வானிலேயே 30 நிமிடம் வட்டமடிக்கக் கடைசிக் கையிருப்பு. அதில் கை வைக்க வேண்டி வந்தால் ‘மேடே’ என்று அபயக்குரல் கொடுக்க வேண்டும்!

இந்தக் கணக்கில் ஒரு எண் தப்பினால்? 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767. தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்குவதற்குப் பதில் 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். அது பவுண்டுக்கான எண்! தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானத்தின் இரண்டு என்ஜின்களும் நடுவானில் நின்றன. சறுக்கியபடியே வந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. உள்ளே இருந்த 69 பேரும் தப்பினார்கள்.

இதற்கும் இராமநாதபுரம் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. போகலாமா, வேண்டாமா என்று கரையில் இருந்துகொண்டு சொல்லும் வேலை இந்தப் பக்கத்துக்குப் பழசு. பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள், 3ஆம் எண் ஏற்றினார்கள் என்று செய்தியில் கேட்கிறோமே, அந்த வரிசை 11 வரை போகும், தெரியுமா? 10 என்றால் பெரும் அபாயம். 11 அதைவிடப் பயங்கரம்: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி உங்கள் பாடு! காற்று பலமாக இருந்தால் ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காது. டோக்கன் இல்லையென்றால் டீசலும் ஐஸும் ஏற்றிய படகுகூடக் கரையில்தான் நிற்கும்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ஒரு காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். ஓட்டுநர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் ரயில் நின்றே ஆக வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. புயலில் எதிரே என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. நீண்ட விசில் கொடுத்துவிட்டு ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார். அலை வந்தது. நூறுக்கும் மேற்பட்டவர்களோடு ரயில் போயிற்று.

அடுத்தது காற்று. பாம்பன் மீனவருக்கு அது வாடை, கொண்டல், சோழகம், கச்சான். டிஸ்பாட்சருக்கு அதே காற்று ஐந்து இலக்கம்! வானிலை அறிக்கையில் 02015 என்று இருந்தால், முதல் மூன்று இலக்கம் திசை, கடைசி இரண்டு வேகம். வடக்கை ஒட்டி, 20 டிகிரியிலிருந்து, 15 நாட் வேகம். அதாவது வாடை! 27020 என்றால் நேர் மேற்கிலிருந்து 20 நாட், கச்சான்! ராமேஸ்வரம் பக்கத்து ஓலைக்குடாவில் பெரியவர் ஒருவர் மணலை அள்ளித் தூவிப் பார்த்து “வாடை திரும்பிருச்சுடா தம்பி” என்று சொல்வதும் இந்த ஐந்து இலக்கமும் ஒரே சேதிதான்.

அதைவிட ஆச்சரியம் மேலே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கீழே காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. 14, 15 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் நேர் எதிராகக் கிழக்கிலிருந்து, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வீசுகிறது! தென்னிந்தியாவுக்கு மேலே ஓடும் இந்த வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றை 1958இல் உலகுக்கு விளக்கி எழுதியவர் பி. கோடீஸ்வரம், நம் வானிலைத் துறைக்காரர். பிற்பாடு அந்தத் துறைக்கே தலைவரானார். ஜூலையில் மும்பையிலிருந்து சென்னைக்குத் திட்டம் போடும் டிஸ்பாட்சர் இதன் ஓரத்தையாவது எதிர்க்காற்றாகக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

டிஸ்பாட்சர்களுக்கு நாள் விடிவதே வேறு நேரத்தில், தெரியுமா? விமான உலகம் முழுவதும் ஒரே கடிகாரம், யு.டி.சி. நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் அதில் தேதி மாறும். ராத்திரி ஷிப்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

இந்த வேலைக்கு எப்படிப் போவது? உலக விமான அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. விதிப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். விமானச் சட்டம், வானிலை, வழிகாட்டல், விமானத் திறன் கணக்கு, வானொலித் தொடர்பு என்று பாடங்கள் நீளும். நம் நாட்டில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் ஒப்புதல் வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் படித்தவர்களுக்கு இந்தப் பாடங்கள் அவ்வளவு அந்நியமாக இருக்காது. பைலட்டுக்கு உள்ளதுபோன்ற மருத்துவத் தகுதியை ஐ.சி.ஏ.ஓ. விதி இவர்களிடம் கேட்பதில்லை. இன்னொன்று: தான் திட்டமிடும் பகுதியில் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது பைலட்டுகளோடு காக்பிட்டில் உட்கார்ந்து பறந்து பார்க்க வேண்டும். விருப்பம் இல்லை, விதி!

பைலட் வாய்ப்பு கைநழுவியவர் ஒருவரும் இந்தக் கரையில் உண்டு. ராமேஸ்வரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த ஒரு பையன் விமானப்படை பைலட் ஆக டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். எடுத்தது எட்டுப் பேரை, அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். அப்துல் கலாம்! அவர் பிறந்தது 1931 அக்டோபர் 15. சரியாக ஒரு வருடம் கழித்து, 1932 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு டாடா நிறுவனத்தின் முதல் விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். வெறும் தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் 2009 முதல் இயங்குகிறது. பயணிகளுக்கு இன்னும் மதுரைதான். 2025 மார்ச் பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. வந்தால் ஓடுபாதை எந்தத் திசை பார்க்கும், தெரியுமா? காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். குறுக்குக் காற்றுத் தொல்லை இல்லாமல் 95 சதவீத நேரமாவது பயன்பட வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓ. பரிந்துரை. அதற்குப் பல ஆண்டுக் காற்றுப் பதிவு வேண்டும். பக்கத்திலேயே இருக்கிறது பாம்பன் வானிலை நிலையம். வாடையும் கச்சானும் அங்கே எண்களாக ஏற்கெனவே எழுதப்பட்டுக் கிடக்கின்றன.