எஞ்சின் ஆடட்டும், வண்டி ஆடக்கூடாது

ஒலிப்பதிவு அறையை விட்டு வெளியே வந்து போனைப் பார்த்தேன். அப்பாவிடமிருந்து ஏழு அழைப்புகள். திருப்பி அழைத்தால், லோரிகள் உறுமும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்.

"புக்கிட் பெராப்பிட் மேட்டுல நிக்கிறேம்மா. ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டேன், வண்டி பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போவுது. கிளட்ச மிதிச்சு, சாவியைத் திருப்பி அணைச்சு எப்படியோ ஓரங்கட்டிட்டேன்."

இது 2019இல் நடந்தது. அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். ரப்பர் போய் செம்பனை வந்ததும் குடும்பத்தோடு ஈப்போ புந்தோங்கிற்கு வந்துவிட்டோம். புந்தோங் என்றால் கச்சாங் பூத்தே. அவரும் அந்த வியாபாரத்தில் இறங்கினார். கச்சாங் மூட்டைகளையும் முறுக்கு டின்களையும் ஏற்றிக்கொண்டு கோலகங்சார், தைப்பிங் இரவுச் சந்தைகளுக்கு ஓடுவது ஒரு பழைய பெட்ரோல் பிக்கப். மேட்டில் மூச்சு வாங்கியதால் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, பழைய இசுசு 2.8 லிட்டர் 4ஜேபி1 டீசல் எஞ்சினை ஏற்றினோம். எஞ்சினுக்கு விலை பேசினோம், கியர்பாக்ஸுக்கு விலை பேசினோம். எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் மவுண்டிங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. வண்டியில் ஏற்கெனவே இருந்த மாதிரியையே புதிதாக வாங்கிப் போட்டோம்.

அங்கேதான் பிசகியது. டீசல் எஞ்சின் கனமானது. பெட்ரோல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய 9 மடங்கு அழுத்தினால், அந்தக் காலத்து டீசல் 18 மடங்கு அழுத்தும். ஒவ்வொரு வெடிப்பிலும் வரும் உதறல் அவ்வளவு முரட்டுத்தனமானது. மேட்டில் முழு பாரத்தோடு மிதித்தபோது எஞ்சின் தன் முறுக்கு விசையில் ஒரு பக்கமாகச் சாய, இடது பக்க மவுண்டிங் ரப்பர் கிழிந்தது. அந்தப் பக்கம் எஞ்சின் எழும்பி ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்துவிட்டது.

எங்களுக்கு மட்டும் வந்த விதி இல்லை இது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். மவுண்டிங் ரப்பர் பிரிந்து, எஞ்சின் எழும்பி, ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது. எஞ்சினை எழும்பவிடாமல் ஓர் இரும்புக் கேபிளைப் போட்டுப் பிடித்துக் கொடுத்தார்கள்.

சூடு கண்ட பூனைகளாகிய நாங்கள் அடுத்து என்ன செய்தோம் தெரியுமா? பந்தய வண்டிகளுக்கு என்று விற்கும் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங்கைத் தேடி வாங்கினோம். கிழியவே கிழியாது என்றார்கள். உண்மைதான், அது கிழியவில்லை. ஆனால் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி நான்காகத் தெரிந்தது. தைப்பிங் போய் இறங்கினால் அப்பாவின் விரல்கள் மரத்துப்போயின. உளி பிடித்துப் பழகிய விரல்கள். சில்லறை எண்ணிக் கொடுக்கத் தடுமாறினார். மூன்றாம் மாதம் சட்டத்தில் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கீறல் விழுந்தது. எஞ்சினின் உதறலை ரப்பர் வாங்கிக்கொள்ளாவிட்டால், இரும்பு வாங்கிக்கொள்ளும், மனிதனும் வாங்கிக்கொள்வான்.

பிறகு மெங்லெம்புவில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனோம். வண்டிக்குக் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்: "ஏம்மா, ரேடியோவுல பேசுற மைக்கை மேசையிலே ஆணி அடிச்சா வச்சிருக்கீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் ஒலிவாங்கி ரப்பர் வளையங்களில்தான் தொங்குகிறது. மேசையில் பேனா உருண்டால்கூட நேயர்கள் காதில் இடி விழக்கூடாதே! கல்லூரியில் ஊடகவியல் படித்தபோது முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர் சொன்ன கணக்கை வீட்டில் உட்கார்ந்து நானும் போட்டுப் பார்த்தேன். நான்கு சிலிண்டர் எஞ்சின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால், வினாடிக்கு 25 வெடிப்பு. ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கும் ஊஞ்சல் மாதிரி ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. அது 25க்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்துகொண்டு வண்டியே குலுங்கும். மூன்றில் ஒரு பங்காக, வினாடிக்கு 8 ஆட்டம் என்று இருந்தால் உதறல் சட்டத்துக்கு அதிகம் இறங்காது. அதற்கு எஞ்சின் எடை விழுந்ததும் ரப்பர் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். எஞ்சினை வைக்கும் முன்னும் வைத்த பின்னும் உயரத்தை அளந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். அமுங்கவே இல்லையென்றால் அது கல். ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டால், எங்கள் முதல் மவுண்டிங் கதைதான்.

எந்த மவுண்டிங்கை வாங்குவது? அவர் பதில் சுருக்கமானது: எந்த எஞ்சினோ, அந்த எஞ்சினுக்கு என்று செய்த மவுண்டிங். வண்டியைப் பார்த்து வாங்கக்கூடாது. வெட்டுக் கடையில் பழைய எஞ்சின் வாங்கும்போது அதன் பக்கவாட்டு இரும்புக் கைகளையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து, பிறகு தகடு வெட்டிப் பற்றவைக்கிறார்கள். கையைப் பழையதாக வாங்கலாம், ரப்பரைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இரண்டு பக்கமும், கியர்பாக்ஸுக்குக் கீழே இருப்பதும் ஒரே சமயத்தில் மாற வேண்டும். ரப்பர் கிழிந்தாலும் எஞ்சின் எழும்ப முடியாதபடி இரும்பும் இரும்பும் கொக்கி போட்டுக்கொள்ளும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

பொருத்தும் கோணமும் முக்கியம். ரப்பரை அழுத்தினால் விறைக்கும், பக்கவாட்டில் தள்ளினால் இளகும். அதனால்தான் பல வண்டிகளில் இரண்டு மவுண்டிங்கையும் கூரை மாதிரிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் புதிய தாங்கியைப் பற்றவைக்கும்போது ரப்பரைக் கழற்றிவிட வேண்டும். சூட்டில் அது இரும்பை விட்டுப் பிரிந்துவிடும். இயற்கை ரப்பருக்கு எண்ணெயும் எதிரி, புகைக்குழாயின் அனலும் எதிரி. நடுவில் ஒரு தகடு மறைப்பாவது வேண்டும். இன்னொன்று, ரப்பரில் மின்சாரம் பாயாது. எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு எர்த் வயர் போட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக ஓடி அதைக் கருக்கிவிடும்.

புதிய மவுண்டிங்கைப் பிரித்ததும் அப்பா அதை முகர்ந்து பார்த்தார். "நம்ம வெட்டுன பாலு மாதிரிதாம்மா வாசம் அடிக்குது" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் தொடங்கிய கதை அது. 1931இல் அமெரிக்காவில் பிளிமத் கார் எஞ்சினை ரப்பரில் மிதக்கவிட்டு விற்றபோது, நம் பாட்டன்கள் இங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். செயற்கை ரப்பர் எத்தனை வந்தும், திரும்பத் திரும்ப வளைந்தாலும் எளிதில் கிழியாத குணத்துக்காக மவுண்டிங்குகளுக்கு இன்றும் இயற்கை ரப்பரைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள்.

எங்களைப் பார்த்து நீங்களும் எஞ்சின் மாற்றப் புறப்பட்டால், ஒரு வார்த்தை. எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். கிராண்டில் எஞ்சின் எண் மாறாமல் ஓட்டினால், விபத்து நேரும் நாளில் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். டீசல் கணக்கும் பழைய கணக்கில்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 காசு ஆனது. இன்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் கால்குலேட்டரை எடுக்கச் சொல்வேன்.

எங்கள் வண்டி இப்போது நின்ற இடத்தில் ஓடினால் எஞ்சின் லேசாகத் தலையாட்டுவது தெரிகிறது, கண்ணாடி அசைவதில்லை. புது ரப்பர் கொஞ்ச நாள் படியும், நட்டை மறுபடி முறுக்கிப் பார் என்று மெக்கானிக் அப்போது சொன்னதை அப்பா இன்னும் விடவில்லை. மாதம் ஒருமுறை வண்டிக்கடியில் படுத்துவிடுகிறார். டார்ச் பிடிப்பது என் வேலை.