கடல் தாண்டி வந்த காகிதம்

டாலிகஞ்சில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தபால்காரர் ஓர் உறையைத் தருகிறார். அதில் வெளிநாட்டுத் தபால் தலை. உள்ளே ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம். அடியில் ஒரு முத்திரை. அந்த வீட்டுப் பெண்ணின் கணவர் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் படித்துப் பார்க்கிறான்.

“மாமா உங்களை விவாகரத்து செய்துவிட்டாராம் அக்கா. கோர்ட்டு முத்திரை இருக்கு.”

அவள் இடிந்து போய் உட்காருகிறாள். முத்திரை விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறாள். அப்படி முடிந்துவிடாது.

ஒரு வழக்கில் இரண்டு நாடுகள் சம்பந்தப்பட்டால் மூன்று கேள்விகள் வரும். எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம்? எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டும்? அங்கே சொன்ன தீர்ப்பு இங்கே செல்லுமா? இவற்றுக்குப் பதில் சொல்வதுதான் தனியார் பன்னாட்டுச் சட்டம். பெயர்தான் பெரிது. நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள சண்டையை அது பார்ப்பதில்லை. கல்யாணம், குழந்தை, சொத்து, கடன் என்று தனி மனிதர்களின் வழக்குகளைத்தான் பார்க்கிறது. நிலம் என்றால் விதி எளிது. நிலம் இருக்கும் நாட்டின் சட்டமே செல்லும். கல்யாணம்தான் சிக்கல். நிலம் நகராது, மனிதர்கள் நகருகிறார்கள்.

பஞ்சாபில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு 1955-இல் கல்யாணம் நடந்தது. இரண்டு குழந்தைகள். கணவர் வன அதிகாரி. 1959-இல் மேல் படிப்புக்காக அமெரிக்கா போனார். திரும்பி வரவில்லை. அந்தப் பெண் ஜீவனாம்சம் கேட்டு ஜலந்தர் நீதிமன்றத்துக்குப் போனாள். “எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது” என்று கணவர் தரப்பு ஒரு தீர்ப்பைக் காட்டியது. அது 1964-இல் நெவாடா என்ற மாநிலத்தில் வாங்கியது. அங்கே ஆறு வாரம் தங்கினாலே விவாகரத்து கேட்கலாம். அந்த வழக்கில் அவள் சார்பில் யாரும் பேசவில்லை.

ஜலந்தர் நீதிபதி அதை ஏற்கவில்லை. மனைவிக்கு மாதம் 300 ரூபாய், குழந்தைக்குத் தலா 100 ரூபாய் தரச் சொன்னார். ஆனால் உயர் நீதிமன்றம் கணவர் பக்கம் நின்றது. கணவர் எங்கே குடியோ, மனைவியும் அங்கேதான் குடி என்றது. அது பழைய ஆங்கிலேய விதி. அமெரிக்காவையே பார்க்காத ஒருத்தி நெவாடாக்காரி ஆகிவிட்டாள்! அவள் விடவில்லை. உச்ச நீதிமன்றம் போனாள். 1974-இல் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தீர்ப்பு எழுதினார். நெவாடாதான் தன் ஊர் என்று கணவர் சொன்னது பொய். பொய் சொல்லி வாங்கிய தீர்ப்பு இங்கே செல்லாது. ஜீவனாம்சம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது.

1991-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. அது திருப்பதியில் நடந்த கல்யாணம். கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் விவாகரத்து வாங்கினார். இங்கே எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ, அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் நீதிமன்றம் விசாரிக்க வேண்டும்; அந்தச் சட்டம் சொல்லும் காரணமும் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மிசௌரி தீர்ப்பு செல்லவில்லை.

ஆனால் எல்லா வெளிநாட்டுத் தீர்ப்பும் செல்லாது என்று எண்ணிவிடக் கூடாது. மனைவியும் அந்த நாட்டிலேயே குடியிருந்து, எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் சொல்லும் காரணத்தின் பேரில் தீர்ப்பானால் செல்லலாம். அவளே மனம் ஒப்பி அந்த வழக்கில் வாதாடினாலும், இருவரும் சம்மதித்தாலும் செல்லலாம். அதனால்தான் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த நீதிமன்றத்துக்குத் தானாகப் பதில் எழுதவும் கூடாது. திருப்பதி வழக்கில் மனைவி பதில் அனுப்பினாள். ஆனால் ஆட்சேபம் சொல்லித்தான் அனுப்பினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி எழுத வக்கீல் உதவி வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். டாலிகஞ்ச் பெண்ணுக்குப் போர்ட் பிளேரிலேயே மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. 2024 முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். மேல்முறையீட்டுக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கிளை அமர்வும் அங்கேயே கூடுகிறது.

போகும்போது கல்யாணப் பத்திரிகை, புகைப்படம், ரேஷன் அட்டை எல்லாம் எடுத்துப் போக வேண்டும். தபால் வந்த உறையையும் தூக்கிப் போடக் கூடாது. என்றைக்குக் காகிதம் கைக்கு வந்தது என்று அதன் மேல் உள்ள முத்திரைதான் காட்டும்.