துணை விமானியின் பேச்சு ஏன் எடுபடவில்லை?

மங்களூர் பஜ்பே விமான நிலையத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும். குன்றின் தலையைச் சீவி, மேஜைபோல் சமப்படுத்தி, அதன்மேல் ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். பாதை முடிந்தால் பள்ளத்தாக்குதான். 2010 மே 22-ஆம் தேதி காலை ஆறு மணி சுமாருக்கு, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 166 பேரில் பிழைத்தவர்கள் எட்டுப் பேர்.

எந்திரத்தில் பழுதில்லை. வானிலையும் மோசமில்லை. விமானி அறையில் இருந்த இருவரில் ஒருவருக்கு ஆபத்து தெரிந்திருந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். அப்படியும் விபத்து நேர்ந்ததே, அதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

மூன்று முறை

ஒலிப்பதிவுக் கருவியில் சுமார் இரண்டு மணி நேரப் பதிவு இருந்தது. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் காப்டன் உறங்கிக்கொண்டிருந்தார் என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. அவர் விழித்துத் தூக்கக் கலக்கம் தெளியுமுன் நிலையம் நெருங்கிவிட்டது. இருக்க வேண்டிய உயரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் விமானம் இருந்தது.

"மிகவும் உயரத்தில் இருக்கிறோம்" என்ற பொருளில் துணை விமானி எச்சரித்தார். பிறகு "கோ அரவுண்ட்?" என்று கேட்டார். இறங்குவதைக் கைவிட்டு, மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவதற்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் இது. காப்டன் கேட்கவில்லை, விமானத்தை வேகமாகத் தாழ்த்தினார். துணை விமானி இரண்டாம் முறை சொன்னார். தரையைத் தொடுமுன் மூன்றாம் முறையும் சொல்லி, ஓடுபாதை மிச்சமில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். எட்டாயிரம் அடிக்குச் சற்றே கூடுதலான பாதையில் சக்கரம் தொட்டது சுமார் 5,200 அடி தாண்டிய பிறகு.

முதல் முறை அவர் சொன்னது கேள்வியாக வந்ததைக் கவனியுங்கள். பெங்களூர் ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மிஷின் கோளாறு என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், "சார், ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றுதானே ஃபோர்மேனிடம் சொல்கிறோம்? மரியாதை நம்மை அப்படிப் பேசப் பழக்கியிருக்கிறது. சாதாரண நாளில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நெருக்கடியில் மேலதிகாரியின் கவனம் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அப்போது அவர் காதில் கேள்வி கேள்வியாகத்தான் விழும், எச்சரிக்கையாக விழாது.

மூன்று முறை சொன்னவர் கையை நீட்டி விமானத்தைத் தாமே மேலே எழுப்பியிருக்கலாமே என்று கேட்பது நமக்குச் சுலபம். துணை விமானி அப்படிச் செய்யலாமா என்பதில் விதிகள் தெளிவாக இல்லை. அதனால்தான் சொன்னதோடு நின்றிருக்கலாம் என்று அறிக்கையே கருதுகிறது. பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்தார்கள், அதிகாரத்தைப் பகிரவில்லை.

போர்ட்லாந்தில் கற்ற பாடம்

1978 டிசம்பர் 28-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து அருகே யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று, சக்கரக் கோளாறு என்று சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தது. காப்டனின் எண்ணமெல்லாம் சக்கரத்தில். எரிபொருள் குறைவதை மற்ற இருவரும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர்.

இதன் பிறகு, 1981-ல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதுவிதப் பயிற்சி தொடங்கியது. கீழே இருப்பவர் பெயர் சொல்லி அழைத்து, ஆபத்தையும் செய்ய வேண்டியதையும் நேராகச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர், தாம் கேட்கத் தயார் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கடினம்.

அதன் பலன் 1989 ஜூலை 19-ல் தெரிந்தது. அதே நிறுவனத்தின் டி.சி.10 விமானத்தில் வால்பக்க எந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்பும் கருவிகள் அனைத்தும் செயலிழந்தன. காப்டன் ஹெய்ன்ஸ் எல்லாரிடமும் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானி ஒருவரை உள்ளே அழைத்து, எந்திர வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடிகளை அவர் கையில் கொடுத்தார். சூ சிட்டியில் விமானம் மோதி இறங்கியபோது 112 பேர் இறந்தனர்; 184 பேர் பிழைத்தனர்.

நம் நாட்டில் மங்களூருக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இரவு, கோழிக்கோட்டில் அதே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவன விமானம், அதேபோல் துபாயிலிருந்து வந்து, அதேபோன்ற மேஜை ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் மாண்டனர். துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று சொன்ன பிறகும் காப்டன் இறங்கியதையும், சொன்னவர் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ளாததையும் சேர்த்தே காரணமாக எழுதியது விசாரணை அறிக்கை.