சுழற்சியைச் சுழற்சியால் அளத்தல்

மோட்டார்க் காரின் முகப்பில் வேகமானியை அடுத்து மற்றொரு வட்டக் கருவி இருப்பதுண்டு. ஆங்கிலத்தார் அதனை டாக்கோமீட்டர் என்பர். ‘டாக்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு விரைவு என்பது பொருள். அக்கருவி அளப்பதோ வண்டியின் விரைவையன்று. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதையே. ஆதலின் சுழற்சிமானி என நாம் வழங்குவது மூலத்தினும் பொருத்தமுடையது.

நோட்டன் பிரிட்ஜில் வாழும் என் நண்பர் பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றைப் போற்றி வருகிறார். அதன் சுழற்சிமானி சில காலமாக உண்மைக்கு மிகுதியாகக் காட்டியது. அதை நம்பி அவர் முன்னதாகவே கியர் மாற்ற, மலையேற்றத்தில் எஞ்சின் திணறிற்று. உள்ளுறுப்புகளை எறிந்துவிட்டுப் புதியன பொருத்துமாறு பலர் கூறினர். அவர் இசையவில்லை.

1960களில் எம்.ஜி.பி. போன்ற கார்களில் இடம்பெற்ற இவ்வகை மின்னணுக் கருவி தீப்பொறிகளை எண்ணுவது. நான்கு உருளை எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு பொறிகள். பொறிதோறும் அளவான மின்துடிப்பு ஒன்று ஊசிக்குச் செல்லும். துடிப்புகள் நெருங்க நெருங்க ஊசி உயரும். துடிப்பின் அளவை வரையறுக்கும் கொள்ளளவி முதுமையால் மாறிவிட்டால், ஊசி பொய் சொல்லத் தொடங்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த முதிய மெக்கானிக் ஒருவர் அக்கொள்ளளவியை மாற்றினார். இனி ஊசியைத் திருத்த மெய்யான அளவுகோல் ஒன்று வேண்டுமே! அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கொட்டகையிலிருந்த சோக் வைத்த பழைய குழல் விளக்கு.

இவ்வூருக்கு அது எவ்வளவு பொருத்தம்! நீர்மின்சாரத்துக்காக 1918லேயே வாதாடிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் கனவு, 1950இல் லக்சபானவில் நனவாயிற்று. அவர் பெயர் தாங்கிய மின்நிலையம் 1965 முதல் இவ்வூரிலேயே உள்ளது. மின்னாக்கிகளின் சுழற்சி வேகமே மின்சாரத்தின் அதிர்வை நிருணயிக்கிறது; இலங்கையில் அது செக்கனுக்கு 50. சிறிது தளம்பினும் இவ்வேலைக்குப் போதும். அதனால் அவ்விளக்கு செக்கனுக்கு 100 முறை மினுங்கும். நம் கண்ணுக்குத்தான் புலப்படுவதில்லை.

இருளில் அவ்விளக்கை ஏற்றி, எஞ்சினின் முன்கப்பியில் வெள்ளைக்கோடு ஒன்றிட்டார். கியரை விடுவித்து எஞ்சினை ஓட்டினால், நிமிடத்துக்கு 1500 சுழற்சியில் நான்கு கோடுகள் அசையாது நிற்கும், 2000இல் மூன்று, 3000இல் இரண்டு. 4000இலும் மூன்றே தோன்றும். அவ்வேறுபாட்டைச் செவி அறியும் என்றார். முதலில் மூன்று கோடுகள் நின்றபோது ஊசி 2400 காட்டியது. இரண்டு கோடுகள் தோன்றச் செய்து, உள்ளேயுள்ள சிறு மாறுதடையை மெல்லத் திருகி ஊசியை 3000இல் நிறுத்தினார்.

1500இல் மட்டும் ஊசி மயிரிழை விலகி நின்றது. நண்பர் அதைச் சுட்டினார்.

“அந்த அளவில் இந்த ஏற்றத்தை யார் ஐயா ஏறப்போகிறார்?” என்று சொல்லிக் கண்ணாடியை மூடிவிட்டார் மெக்கானிக்.