கோழிக்குப் போன கடைசி மருந்து

பல்லடத்துக் கறிக்கோழியையும் நாமக்கல் முட்டையையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் கொங்கு மண்டலத்தில் ஏராளம். அதனாலேயே 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் போட்ட ஒரு தடை உத்தரவு நமக்கு மிக முக்கியமானது. கோழி, கால்நடை, மீன் வளர்ப்புக்கோ தீவனத்தில் கலக்கவோ கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்றது அது.

கோலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வீரியமான கார்பபெனம் மருந்துகளும் தோற்கத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். அந்தத் தோல்வியை உலகுக்குச் சொன்ன ஆய்வு 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனத்தைச் சிதைக்கும் என்டிஎம்-1 நொதி சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்தது. நொதிக்கு டெல்லியின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று கிளம்பிய சர்ச்சையில் நோயாளிகளைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது பெரிய அநியாயம்.

வென்டிலேட்டரில் இருப்பவரின் சளியைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாளில் வரும் அறிக்கையில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். பக்கத்தில் ‘எஸ்’ என்றிருந்தால் மருந்து கேட்கும். ‘ஆர்’ என்றால் கேட்காது. மேலிருந்து கீழ்வரை ‘ஆர்’ என்றே வரும்போதுதான் கோலிஸ்டினைத் தேடுகிறார்கள்.

அதே மருந்தைத்தான் நாட்டின் பல பண்ணைகளில், நோய் வராமல் இருக்கவும் எடை கூடவும் கோழிக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துவந்தார்கள். குறைந்த அளவு மருந்தில் எளிய கிருமிகள் சாகும், தாங்கியவை பெருகும். ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும் கிருமி. கோலிஸ்டினைத் தாங்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பதை 2015இல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். பண்ணைக் கிருமி எருவோடு காட்டுக்கும் தண்ணீருக்கும் போகிறது. விவசாயியை மட்டும் குறைசொல்ல முடியாது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் கம்பெனியே இறக்குகிறது, அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி.

மருந்துக்கடையிலும் இதே கதைதான். “காய்ச்சலுங்ணா, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்” என்றால் சில கடைகளில் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தே வருகிறது. சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இது வேலையே செய்யாது. பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற எச்1 விதி 2014 மார்ச்சிலேயே வந்துவிட்டது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மதிப்பீடு சொல்கிறது.

பண்ணை வைத்திருப்பவர்கள் தீவன மூட்டையில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று கம்பெனியிடம் கேளுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். உறவினர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், கல்ச்சர் அனுப்பியாயிற்றா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.