அரக்கு உடையாமல் வரட்டும்

சந்தேகச் சாவு என்றால், பிரேதப் பரிசோதனையின்போது இரைப்பையை அதிலிருந்த உணவோடு ஒரு குடுவையிலும், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை இன்னொன்றிலும் எடுத்து வைப்பார்கள். அழுகாமலிருக்கத் தெவிட்டிய உப்புக் கரைசல் ஊற்றப்படும். ஊறுகாயைக் காக்கிற அதே உப்புதான்! மூடி, துணி சுற்றி, அரக்கு முத்திரையிட்ட குடுவைகள் மாஜிஸ்திரேட்டின் கடிதத்தோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்.

அங்கே நடக்கும் முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அரக்கு உடையாமல் இருக்கிறதா, கடிதத்திலுள்ள மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் அது. இதில் கோட்டை விட்டால், பின்னால் எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்.

இந்தியாவில் இந்த வேலை தொடங்கியது சென்னையில்தான். 1849இல் இங்கே ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் அமைந்தது. கல்கத்தாவுக்கு 1853இல்தான் வந்தது. வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக், அந்தக் காலத்துக் கொலையாளிகளுக்குத் தோதான நஞ்சு. சோற்றில் கலந்தால் மணமும் இராது, நிறமும் இராது. அதைக் காட்டிக்கொடுக்கும் வழியை 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வெளியிட்டார். மாதிரியோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, எழும் வாயுவைக் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் கரும்பளபளப்பாக ஒரு படிவு ஒட்டும். உடல் மக்கினாலும் முடியிலும் எலும்பிலும் ஆர்சனிக் தங்கியிருக்கும். அரளி, ஒடுவன் தழை போன்ற செடி நஞ்சுகள் அப்படியில்லை. அவற்றைப் பிடிப்பது இன்றைய கருவிகளுக்கும் எளிதல்ல.

ஆகவே ‘நஞ்சு கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால், நஞ்சே கொடுக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. வாந்தியில் வெளியேறியிருக்கலாம், உடலுக்குள்ளேயே சிதைந்திருக்கலாம். நஞ்சு இருந்தாலும், கொடுத்தது யார் என்பதை ஆய்வகம் சொல்லாது. அது போலீசும் நீதிமன்றமும் தேட வேண்டிய விடை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டுவரை அவகாசம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிபுணர் வருவதற்குள் தெருவே உள்ளே நடந்து போயிருந்தால் அவர் எதை எடுப்பார்?

நஞ்சோ என்று சந்தேகிக்கும்படி ஏதும் உங்கள் கண்முன் நேர்ந்தால், உயிர் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வாந்தியைக் கழுவாதீர்கள், டம்ளரைத் துலக்காதீர்கள். போலீஸ் வரும்வரை கதவைச் சாத்தி வையுங்கள்.