நன்செய் ‘நகர்’ ஆன கதை

மேற்குத் தாம்பரத்தில் இரயிலை விட்டிறங்கி முடிச்சூர் சாலை வழியே செல்வோரின் கண்ணில் இன்று படுவன வரிசை வரிசையாய் வீடுகள், கடைகள், பள்ளிக்கூடங்கள், ‘நகர்’ என முடியும் பெயர்ப் பலகைகள். இதே மண்ணில் முன்பு நெல் விளைந்தது என்றால் நம் பிள்ளைகள் நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். மனிதர்கள் மறந்தாலும் மண் தன் பழைய தொழிலை மறக்கவில்லை. பெருமழை பெய்யும்போதெல்லாம் அதை நமக்கு நினைவூட்டி விடுகிறது.

ஏரிகளின் சீமை

தாம்பரம் வட்டாரம் பழைய செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. வற்றாத ஆறு இல்லாத இச்சீமையில் வேளாண்மை பெரிதும் ஏரிகளை நம்பியே நடந்தது. ஊருக்கு ஓர் ஏரி. ஏரிக்குக் கரை, மதகு, கலங்கல். மதகின் வழியே இறங்கும் நீர் வாய்க்காலில் ஓடி ஆயக்கட்டு வயல்களில் பாயும். ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழிந்து அடுத்த ஊரின் ஏரியைச் சென்றடையும்.

1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா இச்சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் இங்குள்ள ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து, இன்ன நிலம் இன்ன தன்மையது என்று பதிவு செய்தார். ஊர்க் கணக்கில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் தனி இடம் இருந்த காலம் அது.

ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகுநீர் ஒன்று சேர்ந்தே அடையாறு உருவெடுக்கிறது. முடிச்சூர், வரதராசபுரம் ஆகிய ஊர்களை ஒட்டி ஓடி, திருநீர்மலை, அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாக அது கடலில் கலக்கிறது. ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் நெல்லுக்கு ஏற்றது. ஏனெனில் அங்கே நீர் நிற்கும். வீட்டுக்கு ஆகாததும் அதே காரணத்தால்தான்.

வயல் மனையாகிறது

1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் பலருக்குப் பிழைப்பளித்தன. 1984இல் கீழக்கரைப் பெருவணிகர் பி.எஸ். அப்துர் ரகுமான் வண்டலூரில் கிரசண்ட் பொறியியல் கல்லூரியை நிறுவினார். நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இவ்வட்டாரம் அறிமுகமாயிற்று.

நகருக்குள் ஒரு கிரவுண்டு வாங்க இயலாத அலுவலரும், வளைகுடாவில் வியர்வை சிந்திய சகோதரரும் தாம்பரத்துக்கு அப்பால் மனை தேடினர். விளைச்சலால் கட்டுப்படியாகாத உழவரும் நிலத்தை விற்றார். இதில் யாரைக் குறை சொல்வது? ஆனால் வயல் மனையானதும் சங்கிலித் தொடர்போல் ஒன்று நிகழ்ந்தது. வயல் இல்லையேல் ஆயக்கட்டு இல்லை. ஆயக்கட்டு இல்லையேல் மதகைத் திறப்பாரில்லை, வாய்க்காலைத் தூர்வாருவாரில்லை. தூர்ந்த வாய்க்கால் முதலில் குப்பைமேடாகும், பிறகு பாதையாகும், இறுதியில் அதன்மேல் சுவர் எழும்பும். நீருக்கு மட்டும் இந்த மாற்றத்தை யாரும் அறிவிப்பதில்லை.

நீர் தன் வழியைக் கேட்டபோது

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழை கொட்டியது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகள் மூழ்கின. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர்.

அந்த வெள்ளம் என்றாலே பலரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் பேசுகிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரோ அதற்கு மேலே உள்ள ஊர். அங்கே புகுந்த நீர், மேற்பகுதி ஏரிகளிலிருந்தும் வாய்க்கால்களிலிருந்தும் வந்த நீர். பழகிய வழியிலேயே அது வந்தது. வழியில்தான் வீடுகள் நின்றன. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டிக் கட்டிய வீட்டில், மகளின் திருமணத்துக்கு வாங்கி வைத்த துணிமணிகள் சேற்றில் ஊறிக் கிடப்பதைக் காணும் தாயின் துயரத்தை எந்த நிவாரணத் தொகை ஈடு செய்யும்?

மனை வாங்குவோர் கவனத்திற்கு

அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் வகுத்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியும் உருவானது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நம் கடமை ஒன்று இருக்கிறது.

விற்பவர் காட்டும் வண்ணப்படத்தோடும் வில்லங்கச் சான்றிதழோடும் நிறைவடைந்து விடாதீர்கள். வில்லங்கச் சான்றிதழ் நிலத்தின் கடனைச் சொல்லும். நிலத்தின் குணத்தைச் சொல்லாது. பழைய கிராம வரைபடத்தையும், புல வரைபடத்தையும், அடங்கலையும் கேட்டுப் பாருங்கள். அந்த இடம் நன்செய்யா, புன்செய்யா? அருகில் ஏரிப் புறம்போக்கோ வாய்க்கால் புறம்போக்கோ உண்டா? பக்கத்து ஏரியின் கலங்கல் எந்தத் திசையில் வழிகிறது? மழை பெய்த மறுநாள் ஒருமுறை நேரில் சென்று வாருங்கள்.

ஏற்கெனவே குடியிருப்போர், தெருவோரம் எஞ்சியிருக்கும் கால்வாயை அடைக்காமல் காப்பதே பெரிய உதவி. நம் வாசலில் அடைபடும் நீர் பக்கத்து வீட்டாரின் அடுப்படியில்தான் போய் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பணம் கொடுக்குமுன் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று, “ஐயா, இந்த இடத்தில் முன்பு என்ன விளைந்தது?” என்று கேளுங்கள். “நெல்” என்று அவர் சொன்னால், “தண்ணீர் எந்த வழியாக வந்தது?” என்ற கேள்வியையும் கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.